கூந்தல் உலரும் வேளை

ஆற்று நீர் வடிந்த பின்னர்க் கருமணலின்மேல் அது விட்டுச் செல்லும் அலையலையான வரிகளுக்கு அறல் என்று பெயர். நம் பழந்தமிழ்ப் புலவர்கள் மகளிரின் கூந்தலைப் புனைந்துரைக்கப் புகுந்த இடங்களிலே இந்த அறலைப் பலகாலும் உவமை கூறினார்கள். நேரே விழுந்து கிடக்கும் கூந்தலுக்கு அவ்வுவமை பொருந்தாது. நெளிந்து, சுருண்டு, ஒளியும் நிழலும் மாறி மாறித் தோன்றும் கூந்தலுக்கே அது பொருந்தும். ஆகவே, நெளிந்த கூந்தல் குறையுடையது என்னும் எண்ணம் நம் முன்னோரிடத்தே இருந்ததில்லை என்பது தெளிவு.

இன்றோ அந்நெளிவுக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர் வேறு. ‘பரட்டைத் தலை’ என்று தாயே மகளை அழைக்கிறாள். புகைப்படம் பிடிக்கும் நாளிலும் பரிசளிப்பு விழா நாளிலும், பெண்ணுக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டால் அவளைப் பார்க்க வருவோர் வரும் நாளிலும், அக்கூந்தலை எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்று வீட்டார் முனைகின்றனர். அதற்கென்று மின்சாரத்தாற் சூடேறும் இடுக்கிகள் வந்துள்ளன. வெப்பக்காற்றை வீசும் கருவிகள் வந்துள்ளன. இரசாயனப் பூச்சுக்களும் வந்துள்ளன. சில ஆண்டுகள் இவற்றுக்கு ஆளான கூந்தல் நுனி பிளந்து, ஒளி இழந்து, சீப்பிலே துண்டு துண்டாக முறிந்து வருகின்றது. தன் தலைமயிரைத் தன் பகையாகக் கருதும் மாணவியர் பலரைப் பாடசாலையிலே நான் கண்டிருக்கிறேன். கூந்தலுக்கு நேரும் கேட்டினும் இவ்வெண்ணம் விளைவிக்கும் கேடே பெரிது.

ஆதலின், நெளிந்து பறக்கும் கூந்தலைச் சூட்டின் துணையின்றி ஒழுங்காக உலர்த்துவது எவ்வாறு என்பதை இன்று விளக்க எண்ணுகிறேன். விலையுயர்ந்த பண்டம் எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. கூந்தலின் இயல்பை ஒருமுறை விளங்கிக்கொண்டால், செய்ய வேண்டியவை தாமே புலப்படும்.

மயிரிழை ஒவ்வொன்றும் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் புறத்தே, கூரையின் ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்த மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாக உள்ளன. அவற்றின் வாய் நுனியை நோக்கி இருக்கும். அடியிலிருந்து நுனிவரை இழையை விரல்களால் நீவினால் வழவழப்பாகவும், நுனியிலிருந்து மேல்நோக்கி நீவினால் சொரசொரப்பாகவும் தோன்றுவது இதனாலேயே. தோலின் உள்ளே மயிர் முளைக்கும் குழி நேராக இருந்தால் இழையும் நேராக வளரும். குழி வளைந்திருந்தால் இழையும் வளைந்து வளரும். பிறப்பிலேயே அமைந்த இந்த வளைவை எந்தச் சீப்பும் மாற்ற இயலாது.

மற்றுமொரு செய்தியையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். மயிர் ஒரு மாதத்தில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகவே வளர்கின்றது. அரை மீற்றர் நீண்ட கூந்தலின் நுனி, தோலைவிட்டு வெளிப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தோலுக்கு வெளியே உள்ள மயிர் உயிரற்றது. கையிற் பட்ட புண் ஆறுவதுபோல அதிற் பட்ட புண் ஆறுவதில்லை. ஒருமுறை கருகிய செதில் கருகியதே. எனவே கூந்தலைப் பொறுத்தவரையிற் பரிகாரத்தைக் காட்டிலும் பாதுகாப்பே முதன்மையானது.

இனி, கூந்தல் உருவம் பெறும் முறையைக் காண்போம். இழையினுள்ளே புரதச் சரடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்புக்களுள் இருவகை இங்கே கருதத்தக்கன. ஒன்று கந்தகப் பிணைப்பு. இது வலியது, தண்ணீருக்கு அசையாதது. மற்றையது ஐதரசன் பிணைப்பு. இது மெலிந்தது, ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்தது. கூந்தல் நனைந்ததும் நீர் உட்புகுந்து இம்மெலிந்த பிணைப்புக்களை அவிழ்த்துவிடுகின்றது. இழை தன் எடையில் மூன்றிலொரு பங்களவு நீரை உறிஞ்ச வல்லது. அப்போது அது பருத்து, மென்மையுற்று, இழுத்தால் நீளும் தன்மையையும் அடைகின்றது. நீர் வெளியேறும்போது அப்பிணைப்புக்கள் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. எந்த நிலையில் இழை இருக்கும்போது அவை பூட்டிக்கொள்கின்றனவோ அந்த நிலையே, அடுத்த முறை நனையும்வரை, அதன் உருவமாகின்றது.

நீர் வடியும் விதத்துக்கேற்ப மணலில் அறல் படிவதுபோல, நீர் நீங்கும் விதத்துக்கேற்பவே கூந்தலிலும் ஒழுங்கு படிகின்றது. இன்று நான் கூற வந்தவற்றுள் தலையாயது இதுவே. கூந்தலின் அழகு கழுவும்போதும் தீர்மானமாவதில்லை, சீவும்போதும் தீர்மானமாவதில்லை, உலரும் வேளையிலேயே தீர்மானமாகின்றது.

மயிருக்கும் காற்றின் ஈரத்துக்கும் உள்ள உறவு விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிந்த ஒன்றாகும். ஜெனீவா நகரைச் சேர்ந்த சொசூர் என்னும் அறிஞர், காற்றின் ஈரப்பதனை அளப்பதற்கு மனித மயிரையே கருவியாக்கி, அதுபற்றிய தம் நூலை 1783 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஈரம் மிகுந்தால் மயிர் நீளும், குறைந்தால் சுருங்கும். முற்றும் உலர்ந்த நிலைக்கும் முற்றும் ஈரமான நிலைக்கும் இடையே அதன் நீளம் நூற்றுக்கு இரண்டு பங்களவு வேறுபடும். அச்சிறு வேறுபாடே ஒரு முள்ளை அசைத்து அளவு காட்டப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கருவி செய்த வேலையையே நம் தலையிலுள்ள இழைகளும் ஒவ்வொரு நாளும் செய்கின்றன. இலங்கையிலே காற்றின் ஈரப்பதன் பகலில் நூற்றுக்கு எழுபது அளவிலும், இரவில் தொண்ணூறுக்கு மேலும் இருப்பது வழக்கம். பருவமழைக் காலங்களிற் பகலிலும் அது உயர்ந்தே நிற்கும். செதில்கள் தேய்ந்து திறந்துள்ள இழைகள் இந்த ஈரத்தை விரைந்து பருகுகின்றன. பருகிய இழை ஒவ்வொன்றும் அயலிழையோடு சேராமல், தன் பிறவி வளைவின்படி தனித்தனியே திரும்புகின்றது. அவ்வாறு பல்லாயிரம் இழைகள் பல்வேறு திசைகளில் எழுந்து நிற்பதையே நாம் பரட்டை என்கிறோம். நெளிவு வேறு, பரட்டை வேறு. இழைகள் கூடி நெளிந்தால் அது அலை. கூடாமல் நெளிந்தால் அது பரட்டை.

சூடு இதற்கு மருந்தாகுமா? சூடான இடுக்கி அந்த மெலிந்த பிணைப்புக்களை நேரான நிலையிற் பூட்டிவிடுகின்றது என்பது உண்மையே. ஆனால் அடுத்த மழைத்துளியோ வியர்வையோ அவற்றை அவிழ்த்துவிடும். எனவே மறுநாளும் சூடு வேண்டும். இக்கருவிகள் ஏறத்தாழ 150 முதல் 230 பாகை சென்ரிகிரேட் வரை சூடேறுவன. தண்ணீர் 100 பாகையிற் கொதிப்பதை நாம் அறிவோம். ஈரம் முற்றும் நீங்காத இழையை அத்தகைய சூட்டில் இடுக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்குகின்றது. நுணுக்குக்காட்டியில் நோக்கினால், அந்த இழை துளைகள் நிறைந்த கடற்பஞ்சுபோலத் தோன்றும். அந்த இடத்திலேயே அது முறியும். வலிய கந்தகப் பிணைப்பைக் குலைத்துக் கூந்தலை நிலையாக நேராக்கும் இரசாயன முறைகளும் உண்டு. வேறு சில பூச்சுக்கள், சூடேறும்போது போர்மல்டிஹைட் என்னும் வாயுவை வெளியிடுவன. அவ்வாயு மனிதரிடத்தே புற்றுநோயை விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. வளரும் பிள்ளைகளை இவற்றிடம் ஒப்படைப்பது முறையாகாது.

கூந்தலை உலர்த்துவதை ஒரு கலையாகவே நம் முன்னோர் கருதினர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே, மாதவியின் கூந்தல் பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை விரைகளும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நன்னீரால் ஆட்டப்படுகின்றது. பின்னர் நறும்புகையால் ஈரம் புலர்த்தப்படுகின்றது. அதன் பின்னர் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு மணக்குழம்பு ஊட்டப்படுகின்றது. மெல்ல உலர்த்துதல், பகுதி பகுதியாகப் பேணுதல் என்னும் இரு நெறிகளும் அங்கே உள்ளன. புகையை நாம் இன்று பின்பற்ற வேண்டுவதில்லை. அடைத்த அறையில் எழும் புகை தொய்வு நோயுள்ளோருக்கு ஆகாது. அந்த இரு நெறிகளைப் பின்பற்றினாலே போதும்.

முதலாவது, முழுகுவதற்கு முன் செய்ய வேண்டியவை. கூந்தல் உலர்ந்திருக்கும்போதே சிக்கெடுத்துவிடல் வேண்டும். நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறுக. பின்னர்த் தேங்காயெண்ணெயைக் கூந்தலின் நீளமெங்கும், சிறப்பாக நுனிப்பகுதியிற் பூசி, ஓரிரு மணி நேரம் விடுக. எண்ணெய் தேய்க்கும் வழக்கம் நம்மிடத்தே பழமையானது. அதன் காரணம் அண்மையிலேயே தெளிவாயிற்று. இந்திய ஆராய்ச்சியாளர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். கழுவும்போது மயிர் இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதிலுள்ள கொழுப்பமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாகையால், அஃது இழையின் உள்ளே புகவல்லது.

இரண்டாவது, கழுவுதல். உடம்புக்கு இடும் சவர்க்காரத்தைத் தலைக்கு இடலாகாது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது, செதில்களைத் திறந்துவிடும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் ஊறும் வன்னீரோடு அது சேர்ந்தால், கரையாத ஒரு படிவு உண்டாகி இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அப்பகுதிகளில் தலை முழுகிய பின்னும் கூந்தல் பிசுபிசுப்பாகவும் முரடாகவும் இருப்பதற்கு இஃதொரு காரணம். சீயாக்காயோ மென்மையான ஷாம்பூவோ நன்று. இறுதியில் ஒரு லீற்றர் நீரில் அரைத் தேசிக்காயின் சாற்றைக் கலந்து கூந்தலில் ஊற்றி, உடனே நல்ல நீரால் அலசிவிடலாம். அச்சிறு புளிப்பு செதில்களைப் படியவைக்கும். சாற்றை நீர் கலவாமல் இடுவது தோலைப் புண்படுத்தும். மழைநீர் சேமிக்கும் வீட்டார் இறுதி அலசலுக்கு அதனையே பயன்படுத்துவாராக.

கூந்தலுக்கு மென்மையூட்டும் பூச்சு இடுவோர், அஃது இட்டிருக்கும்போதே அகன்ற பற்களையுடைய சீப்பினால் ஒருமுறை சீவிவிடுக. நனைந்த இழை எளிதில் நீண்டு முறியும். வழுக்கும் பொருள் அதன்மேல் இருக்கும்போது மட்டுமே சீப்பு அதனை நோகச் செய்யாது. அதன் பின்னர்க் கூந்தல் உலரும்வரை சீப்புக்கு வேலையில்லை.

மூன்றாவது, நீரை ஒற்றுதல். நம்மிற் பலர் தவறுவது இங்கேதான். குளித்து வந்ததும் துவாயினால் தலையைப் பரபரவென்று தேய்க்கின்றோம். அல்லது கூந்தலைக் கயிறுபோல முறுக்கிப் பிழிகின்றோம். துவாயின் மேற்பரப்பிலுள்ள நூல் வளையங்கள் செதில்களிற் கொளுவி அவற்றை எழுப்பிவிடுகின்றன. கூடியிருந்த இழைகளும் கலைந்துபோகின்றன. அதற்கு மாறாக, பழகி மென்மையான பருத்தி வேட்டி அல்லது சாரத்தின் துண்டொன்றை எடுத்து, கூந்தலை அதனுள் ஏந்தி, நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்ல அமுக்குக. தேய்க்க வேண்டாம். நீர் சொட்டுவது நிற்கும்வரை இவ்வாறு செய்தாற் போதும். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்குத் துணியைத் தலையிற் சுற்றி வைத்திருப்பதும் நன்றே.

நான்காவது, பகுத்துப் பூசுதல். ஈரம் இன்னும் நிறைந்திருக்கும்போதே கூந்தலை நான்கு அல்லது ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய பசைப்பொருள் ஒன்றைத் தடவுக. ஆளிவிதை இதற்கு ஏற்றது. ஒரு மேசைக்கரண்டி விதையை அரைக் கோப்பை நீரிலிட்டு, முட்டையின் வெண்கரு போன்ற பதம் வரும்வரை காய்ச்சி, சூடாக இருக்கும்போதே வடித்தெடுத்து ஆறவிடுக. ஆறினால் வடிப்பது அரிது. ஆளிவிதை கிடையாதவிடத்து நன்கு கழுவிய கற்றாழைச் சோறு உதவும். இப்பசை உலரும்போது இழைகளை ஒன்றுகூட்டிப் பிடித்து, வெளியீரம் உடனே புகாதபடி மெல்லிய உறைபோல நிற்கின்றது. இரு உள்ளங்கைகளுக்கும் இடையே கூந்தலை வைத்து மேலிருந்து கீழாக வழித்துவிட்டால், செதில்கள் தம் இயல்பான திசையிலே படியும்.

ஐந்தாவது, உலரவிடுதல். இங்கே இருவழிகள் உண்டு. அலையான கூந்தலை அலையாகவே விரும்புவோர், அதனைத் தோளிற் பரவவிட்டு, முற்றும் உலரும்வரை தொடாதிருத்தல் வேண்டும். விரலால் அளைவதும் உதறுவதும், பூட்டிக்கொள்ளும் பிணைப்புக்களைக் குலைப்பதாகும். நெளிவு தளர்ந்து நீண்ட வளைவாக அமைவதை விரும்புவோர், கூந்தல் முக்காற் பங்கு உலர்ந்த பின்னர் அதனை இரண்டாகப் பிரித்துத் தளர்ச்சியாகப் பின்னி விடுக. அல்லது நடுவகிடெடுத்து, ஒரு பாதியை நெற்றியின் மேலாகவும் மறுபாதியைப் பிடரியின் மேலாகவும் தலையைச் சுற்றிப் படியவைத்து, சில கௌவிகளாற் பொருத்திப் பழைய பட்டுத்துணியொன்றாற் கட்டுக. தலையின் வளைவையே அச்சாகக் கொண்டு இழைகள் அகன்ற வளைவுடன் உலரும். சூடு தரும் நேர்மையை இது தராது; ஆனால் நிறைந்த ஒழுங்கைத் தரும்.

உலர்த்துவதற்கு நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே ஏற்றது. கடும் வெயில் மயிரின் நிறத்தையும் புரதத்தையும் சிதைக்கும். மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பது நன்று. முற்றும் உலர்ந்த பின்னர், ஓரிரு துளி எண்ணெயைக் கைகளிற் பரவத் தேய்த்து, கூந்தலின் மேற்புறத்தை மெல்ல வருடிவிடுக.

சூடு தீது என்பதனால் கூந்தல் எவ்வளவு நேரம் ஈரமாய்க் கிடந்தாலும் நன்றே என்று எண்ணிவிடலாகாது. கொரிய நாட்டு ஆராய்ச்சியாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்துகின்றது. வெப்பக்காற்று மிகுந்தபோது புறச்செதில்கள் சிதைந்தன. ஆனால் தானாகவே நெடுநேரம் உலரவிட்ட மயிரில், உள்ளே கலங்களை ஒட்டவைக்கும் படலம் பழுதுற்றது. கருவியைப் பதினைந்து சென்ரிமீற்றர் தொலைவிற் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே மிதமான சூட்டில் உலர்த்திய மயிருக்கு நேர்ந்த கேடு குறைவாக இருந்தது. ஆகவே, துணியால் நன்கு ஒற்றி ஈரத்தைக் குறைத்துவிடுதலும், காற்றோட்டத்தால் விரைந்து உலர்த்துதலும் இன்றியமையாதன. காற்றுக்கருவி உள்ளோர் அதன் குளிர்காற்றைப் பயன்படுத்தலாம்.

ஈரத்தோடு இறுக்கிக் கட்டுவது இதனினும் தீது. நம் பாடசாலைகளில் இரட்டைப் பின்னல் வழக்கமாதலால், அதிகாலையில் முழுகிய பிள்ளைகள் நீர் சொட்டும் கூந்தலை இறுக்கிப் பின்னிக்கொண்டு வருகின்றனர். பிற்பகலில் அவிழ்த்தாலும் உட்புறம் உலர்ந்திருப்பதில்லை. நனைந்து மென்மையுற்ற இழைகள் இழுபட்டு முறிகின்றன. நெற்றியோரத்து மயிர் உதிர்கின்றது. துர்நாற்றமும் பூஞ்சணமும் உண்டாகின்றன. இதற்கு எளிய வழி, முழுகும் வேளையை மாற்றுவதே. விடுமுறை நாட்களில் முற்பகலிலும், மற்றைய நாட்களில் வேண்டுமாயின் பாடசாலை விட்டு வந்ததும் முழுகினால், உறங்குமுன் கூந்தல் உலர்ந்துவிடும். பழைய பட்டுச்சேலைத் துண்டொன்றைத் தலையணைமேல் விரித்தால் உராய்வும் குறையும். மறுநாட் காலையில் உலர்ந்த கூந்தலை இறுக்கமின்றிப் பின்னுவது ஐந்து நிமிட வேலை.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பின்னல் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்று கேட்பது தகும். ஆனால் நெற்றியருகே சில இழைகள் சுருண்டு எழுந்து நிற்பது ஒழுங்கீனமன்று. மழைநாளின் ஈரக்காற்றுக்கு அவை இசைந்தன, அவ்வளவே. அதற்காக ஒரு பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்துவது, அவள் பிறப்பை நோக்கி விரல் நீட்டுவதாகும்.

இம்முறைகள் எல்லாம் ஒரே நாளிற் பயன் தருவன அல்ல. சூட்டினாற் சிதைந்த நுனிகளை வெட்டிவிட்டு, புதிதாக வளர்வதைப் பேணி வருவோர் சில மாதங்களில் வேறுபாட்டைக் காண்பர். மழைக்காலத்தில் நெளிவு மீண்டும் தலைதூக்கத்தான் செய்யும். அதனை வெல்ல முயல்வதிற் பயனில்லை. நெளிவை நெளிவாகவே ஒழுங்குபடுத்துவதே நம்மால் இயல்வது, அழகும் அதுவே.

எனவே அன்னையர்க்கு நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் மகளின் கூந்தலைத் தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். இடுக்காதீர்கள், தளரப் பின்னுங்கள். அவசரப்படாதீர்கள், அது உலரும் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள். ‘பரட்டை’ என்ற சொல்லை வீட்டைவிட்டு நீக்கிவிடுங்கள். அலையான கூந்தலுக்கு நம் மொழியிலேயே நல்ல பெயர்கள் பல இருக்கின்றன.